ஒட்டுப்பால் என்று ஒதுக்கும் முன்: எங்கள் வாசகர் வட்டத்துக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். போன மாதக் கூட்டம் முடிந்து தக்கலையில் குலசேகரம் பஸ் ஏறும்போதே இதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். அன்றைக்கு எழுதியிருந்தால் வெறும் கோபம்தான் வந்திருக்கும். மூன்று வாரம் ஆறப் போட்டேன். கோபம் போய்விட்டது, வருத்தம் போகவில்லை.

அன்று வராதவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த வருடம் மாதம் ஒன்றாகப் படிக்கப் பன்னிரண்டு அறிவியல் புனைகதைகளைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்திருந்தோம். நான் 'ஸ்டார் ட்ரெக்' என்கிற அமெரிக்க விண்வெளித் தொடரை ஒட்டிய ஒரு நாவலை முன்மொழிந்தேன். ஜான் எம். ஃபோர்டு 1984-ல் எழுதிய 'தி ஃபைனல் ரிஃப்ளெக்ஷன்'. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு எழுந்தது. "டிவி சீரியலை வச்சு எழுதினதா?" என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்றேன். நம்மில் மூத்தவரான அண்ணன், எனக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர் என்றே சொல்லலாம், என் தோளில் கை வைத்து, "மக்கா, படம் ஷீட்டு. அதை வச்சு எழுதுற புக்கு ஒட்டுப்பாலுடே" என்றார். எல்லோரும் கைதட்டினீர்கள். அப்புறம் ஐந்தே நிமிடத்தில் ஒரு தீர்மானம். படம், தொடர், வீடியோ கேம் ஆகியவற்றை ஒட்டி எழுதப்பட்ட எந்த நாவலும் இனி நம் பட்டியலில் வராது. பதினோரு பேர் கை தூக்கினீர்கள். அந்தப் புத்தகத்தைப் படித்தவர்கள் யார் என்று நான் கேட்டேன். ஒரு கையும் எழவில்லை.

நான் பேச வந்தது அந்த எழாத கைகளைப் பற்றித்தான்.

அண்ணன் சொன்ன உவமை நாகர்கோவில், குளச்சல் பக்கத்து நண்பர்கள் சிலருக்குப் புரியாமலே கைதட்டல் வாங்கிவிட்டது. நான் ரப்பர் வெட்டுகிறவரின் மகன் என்பதால் சொல்கிறேன். விடியற்காலையில் மரத்தை வெட்டி, சிரட்டையில் வடிந்த பாலை எடுத்துக்கொண்டு போய் உறையவைத்து அடிப்பது ஷீட். பால் எடுத்த பிறகும் சிரட்டையின் அடியிலும் வெட்டின பட்டையிலும் கொஞ்சம் ஒட்டிக் காய்ந்து கிடக்கும். அடுத்த வெட்டுக்கு வரும்போது அதை உரித்துச் சாக்கில் போடுவார்கள். அதுதான் ஒட்டுப்பால். ஷீட்டை விட விலை குறைவு. படத்துக்குப் பால் எல்லாம் போய்விட்டது, மிச்சத்தை உரித்து விற்பதுதான் இந்த நாவல்கள் என்பது அண்ணனின் கருத்து.

அதில் உண்மை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். டை-இன் நாவல் என்கிற இந்த வகை எப்படி உருவாகிறது என்று பார்த்தால் சந்தேகம் வருவது நியாயம். ஒரு படம் வருகிறது. அது வெளியாகும் நேரத்தில் கடையில் புத்தகமும் இருக்க வேண்டும் என்று நிறுவனம் நினைக்கிறது. எழுத்தாளர் கையில் பெரும்பாலும் படம் கிடைப்பதில்லை, திரைக்கதைதான் கிடைக்கும். சில வாரங்களில் முடித்துக் கொடுக்க வேண்டும். அதற்குள் படப்பிடிப்பில் காட்சிகள் மாறியிருக்கும், புத்தகத்தில் பழைய காட்சியே நின்றுவிடும். தொடரை ஒட்டிய புதுக்கதை என்றால் வேறு கட்டுப்பாடு: நாயகன் சாகக்கூடாது, கல்யாணம் செய்யக்கூடாது, கதை முடியும்போது எல்லாம் ஆரம்பத்தில் இருந்தபடியே இருக்க வேண்டும். இப்படி எழுதப்பட்டவற்றில் நானே பல புத்தகங்களைப் பாதியில் மூடியிருக்கிறேன். வசனத்துக்கு நடுவில் "என்றான்", "என்றாள்" சேர்த்தது மட்டும்தான் எழுத்தாளர் செய்த வேலை என்று தோன்றும் புத்தகங்கள் உண்டு. அவற்றுக்காக நான் ஒரு வார்த்தையும் வாதாட மாட்டேன்.

ஆனால் மூடிவிட்டேன் என்று சொல்கிறேன் பாருங்கள், அதற்கு முன்னால் திறந்திருக்கிறேன்.

நான் முதன்முதலில் முழுசாகப் படித்த இங்கிலீஷ் நாவலைப் பற்றிச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பு. ஆனி, ஆடி மழை. மழை நாளில் பால் வெட்டு கிடையாது, அப்பா திண்ணையில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கப்பலில் வேலை பார்த்த சின்ன மாமா, கப்பலில் யாரோ விட்டுப்போன புத்தகங்களை ஒரு பையில் அள்ளிக்கொண்டு வந்திருந்தார். அதில் ஒன்றுக்கு அட்டை இல்லை. முதல் சில பக்கங்களும் இல்லை. ஓரமெல்லாம் ஈரம் குடித்து அலை அலையாக எழும்பி, பக்கத்தைப் புரட்டினால் அப்பளம் மாதிரி சத்தம் கேட்கும். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். ஒரு விஞ்ஞானியின் மூளையில் ரத்தக் கட்டி. அதைக் கரைக்க, ஒரு நீர்மூழ்கியையும் அதில் ஐந்து பேரையும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருக்கி அவர் ரத்தக் குழாய்க்குள் அனுப்புகிறார்கள். அறுபது நிமிடம்தான் கணக்கு. அதற்குமேல் உள்ளே இருந்தால் பழைய அளவுக்கு வளரத் தொடங்கிவிடுவார்கள். வெள்ளை அணு ஒன்று நீர்மூழ்கியை விழுங்கிவிடும். கடைசியில் அவர்கள் கண்ணீர்ப் பாதை வழியாக வெளியே வரும்போது அந்த அணுவையும் தங்கள் பின்னால் இழுத்துக்கொண்டு வருவார்கள். உள்ளே விட்டுவிட்டால் விழுங்கப்பட்ட நீர்மூழ்கி வளர்ந்து ஆளையே கிழித்துவிடுமே! அந்த இடத்தைப் படித்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். ஒரு கதைக்குள் இவ்வளவு பொறுப்பாக யோசிக்க முடியுமா என்று இருந்தது. நான் இந்த வட்டத்துக்கு வந்து சேர்ந்த வழி அந்தப் பக்கத்தில்தான் தொடங்கியது.

கல்லூரியில் படிக்கும்போது ஒரு பழைய புத்தகக் கடையில் அதே நாவலை அட்டையோடு பார்த்தேன். 'ஃபென்டாஸ்டிக் வாயேஜ்', ஐசக் அசிமோவ். அப்புறம்தான் தெரிந்தது, அது ஒரு திரைப்படத்தின் திரைக்கதையை வைத்து அசிமோவ் 1966-ல் எழுதிக் கொடுத்தது. புத்தகம் படத்துக்கு முன்பே கடைக்கு வந்துவிட்டதால், அந்த நாவலைத்தான் படமாக எடுத்தார்கள் என்று இன்றைக்கும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். படத்தையும் பிற்பாடு பார்த்தேன். அதில் நீர்மூழ்கி உள்ளேயே போய்விடுகிறது, யாரும் கவலைப்படவில்லை. என்னை எழுந்து நிற்கவைத்த அந்த இடம் திரைக்கதையில் இல்லாதது. ஓட்டையைப் பார்த்து அடைத்தது நாவலை எழுதியவர்.

அட்டை கிழியாமல் இருந்து, 'இது படத்தை வைத்து எழுதியது' என்று யாராவது அன்றைக்கு என்னிடம் சொல்லியிருந்தால், பதினான்கு வயதில் நானும் அதைத் தள்ளிவைத்திருப்பேனோ என்னவோ.

சரி, நான் முன்மொழிந்த புத்தகத்துக்கு வருகிறேன். ஸ்டார் ட்ரெக் தொடரில் கிளிங்கான்கள் என்கிற வேற்றுக்கிரக இனத்தார் அதுவரை வில்லன்கள். வருவார்கள், முறைப்பார்கள், தோற்பார்கள். ஃபோர்டு அவர்களில் ஒரு அனாதைப் பையனை எடுத்துக்கொண்டு, அவன் வளர்ந்து கப்பல் தலைவனாகும் கதையை எழுதினார். தொடரின் நாயகன் கர்க் இதில் கதைக்கு வெளியே இருக்கிறார். இந்தக் கதையை ஒரு புத்தகமாகப் படிப்பவராக மட்டும்தான் வருகிறார். ஃபோர்டு அந்த மக்களுக்கு ஒரு காய் ஆட்டத்தை உண்டாக்கிக் கொடுத்திருக்கிறார். உயிருள்ள பிள்ளைகளையே காய்களாக நிறுத்தி ஆடும் ஆட்டத்தில்தான் அந்தப் பையனை நாம் முதலில் பார்க்கிறோம். அதே ஆட்டத்தில் இன்னொரு வகை உண்டு. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே தொகுதிக் காய்கள்தான். நீ நகர்த்திய காயை அடுத்த முறை நான் நகர்த்துவேன். எதிரி என்று தனியாக ஒரு நிறம் கிடையாது. இரண்டு வல்லரசுகள் போருக்கு விளிம்பில் நிற்கும் கதையில் இந்த ஆட்டம் என்ன செய்கிறது என்று நான் சொல்லிவிட்டால் உங்களுக்குப் படிக்கும் சுகம் போய்விடும். ஒரு தொடர் தன் வில்லன்கள் என்று ஒதுக்கிவைத்த கூட்டத்தை, அவர்கள் வீட்டுக்குள் போய், அவர்கள் கண்ணால் பார்த்து எழுதின புத்தகம் இது. கூலிக்கு எழுதினவர் செய்கிற வேலையா இது?

"அதெல்லாம் அதிகாரபூர்வக் கதையில் சேராது, அப்புறம் வந்த தொடர்கள் கிளிங்கான்களை வேறு மாதிரி காட்டிவிட்டன, பிறகு எதற்குப் படிக்க வேண்டும்?" என்று நம் கல்லூரி நண்பர் ஒருவர் கேட்டார். இது பெரிய ரசிகர்களிடமும் இருக்கிற கேள்விதான். 'ஸ்டார் வார்ஸ்' உலகில் பல வருடங்களாக வந்த நாவல்களை எல்லாம் 2014-ல் நிறுவனம் 'லெஜண்ட்ஸ்' என்று தனியே ஒதுக்கிவைத்தபோது, அவற்றையே படித்து வளர்ந்தவர்கள் மனம் உடைந்தார்கள். நம் வீடுகளில் 1956-க்கு முந்தைய பத்திரங்கள் இருக்கின்றன அல்லவா? மலையாள எழுத்து, கொல்லம் ஆண்டுக் கணக்கு, திருவிதாங்கூர் சர்க்கார் முத்திரை. அந்த வருடம் நவம்பர் 1-ம் தேதி நம் குமரி மாவட்டத்தின் நான்கு தாலுகாவும் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தன. பத்திரத்தில் சொல்லியிருக்கிற தென்னையும் கிணறும் அங்கேயேதான் இருந்தன. எந்த சர்க்காரின் கணக்கில் வருகிறது என்பது ஒரு நாவலுக்கும் அவ்வளவுதான் முக்கியம். மேலும் ஒதுக்கிவைத்ததே திரும்பி வந்த கதையும் உண்டு. திமொதி ஸான் 1991-ல் எழுதிய 'ஏர் டு தி எம்பயர்' நாவலில் த்ரான் என்கிற தளபதி வருகிறான். அடிதடியால் அல்ல, எதிரியின் ஓவியங்களையும் சிற்பங்களையும் பார்த்து அவர்கள் மனத்தைப் படித்துத் தோற்கடிக்கிறவன். மூன்று படங்களும் முடிந்து பல வருடம் புதுப் படம் இல்லாத காலத்தில் அந்த உலகத்தை மறுபடி ஜனங்களிடம் பேசவைத்தது அந்தப் புத்தகம். 2014-ல் அவனையும் சேர்த்துத்தான் ஒதுக்கினார்கள். 2016-ல் கார்ட்டூன் தொடருக்குள் அவனே வந்துவிட்டான், 2023-ல் நடிகர் வேடம் கட்டி நடித்துவிட்டார். படங்களில் தலைநகர் கிரகத்துக்கு இருக்கிற 'கோரஸான்ட்' என்கிற பெயரும் ஸானின் நாவலிலிருந்து போனதுதான்.

இப்படிப் பால் மறுபக்கம் ஓடிய இடங்கள் நிறைய. ஸ்டார் ட்ரெக்கில் வரும் சுலு என்கிற பாத்திரத்துக்குத் தொடரில் முதல் பெயரே கிடையாது. 'ஹிகாரு' என்று வைத்தது 1981-ல் வொண்டா மெக்கின்டைர் எழுதிய நாவல். பத்து வருடம் கழித்துப் படத்தில் அதையே உச்சரித்தார்கள். அந்த மெக்கின்டைர் அதற்கு முன்பே அறிவியல் புனைகதையின் பெரிய விருதுகளான ஹ்யூகோவும் நெபுலாவும் வாங்கியவர். 'டாக்டர் ஹூ' என்கிற பிபிசி தொலைக்காட்சித் தொடருக்கு பால் கார்னெல் 1995-ல் எழுதிய நாவலை, 2007-ல் அதே தொடர் இரண்டு பாகக் கதையாக எடுத்தது. அந்தத் தொடரின் 1960-களின் பல நிகழ்ச்சிகளின் டேப்புகளை பிபிசி அழித்துவிட்டது. வீடியோ கேசட் வராத காலத்தில் பிரிட்டன் பிள்ளைகளுக்கு அந்தக் கதைகள் மிஞ்சியது சின்னச் சின்ன நாவல்களில்தான். டெரன்ஸ் டிக்ஸ் என்கிற ஒரே ஆள் அறுபதுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். படமே போய், புத்தகம் மட்டும் நின்றது.

அண்ணனின் உவமைக்கு மறுபடி வருகிறேன், ஏனென்றால் அது என்னைத் தூங்கவிடவில்லை. ரப்பரில் ஒட்டுப்பால் மட்டுமா இருக்கிறது? ஒட்டுக்கன்றும் இருக்கிறதே, அண்ணே. விதை முளைத்த கன்றில், தண்டின் அடியில் பட்டையைக் கீறி, நல்ல மரத்திலிருந்து எடுத்த ஒரு மொட்டை அதற்குள் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிச் சுற்றுவார்கள். மூன்று வாரம் கழித்து அவிழ்த்துப் பார்த்து, மொட்டு பச்சையாக இருந்தால் பிடித்துவிட்டது. பிறகு பழைய தண்டை அதற்கு மேலே வெட்டிவிடுவார்கள். அந்த மொட்டிலிருந்து எழும்புவதுதான் மரம். வேர் யாருடையதோ, ஏழாம் வருடம் சிரட்டையில் விழுகிற பால் மொட்டினுடையது. எங்கள் தோட்டத்தில் 105 ரகம் முழுக்க இப்படி வந்ததுதான். என் அப்பா நாற்றுப் பண்ணையில் நாடாவை அவிழ்த்து நகத்தால் லேசாகச் சுரண்டி மொட்டைப் பார்ப்பார். பார்க்காமல் ஒரு கன்றையும் தூக்கி எறிய மாட்டார். பிடிக்காதவற்றை எறிவார், அதில் தயவு தாட்சண்யம் கிடையாது. ஆனால் ஒவ்வொன்றையும் அவிழ்த்துப் பார்ப்பார்.

நாம் தலையில் வைத்துக் கொண்டாடுகிற தேரூர் கவிமணியை நினைத்துப் பாருங்கள். 'ஆசிய ஜோதி' ஆர்னால்டின் ஆங்கிலக் காவியத்தைத் தழுவியது. உமர் கய்யாம் பாடல்கள் ஃபிட்ஸ்ஜெரால்டின் ஆங்கிலத்திலிருந்து வந்தவை, அதுவே பாரசீகத்திலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் மரநிழலில் இருக்கிறவனிடம் 'ஒரு கவிதைப் புத்தகம்' இருக்கிறது என்று மட்டும் வரும். கவிமணி அந்த இடத்தில் 'கையில் கம்பன் கவியுண்டு' என்று வைத்தார். வேறொருவர் தோட்டம், வேறொருவர் நிழல், கையில் மட்டும் கம்பன். பள்ளிக்கூடத்தில் அந்தப் பாட்டைப் படித்த யாராவது 'இது ஒட்டு' என்று முகம் சுளித்தோமா? நம் வட்டத்திலேயே அந்தப் பாட்டைப் பாடியிருக்கிறோம். ஸான், ஃபோர்டு எல்லாம் கவிமணி என்று நான் சொல்லவில்லை. கிடைத்த கதைக்குள் போய் ஒருவர் எதை வைத்துவிட்டு வந்திருக்கிறார் என்று கவிமணி விஷயத்தில் பார்த்தோம், இவர்கள் விஷயத்தில் பார்க்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது கொஞ்சம் கசப்பு. அறிவியல் புனைகதை படிக்கிறோம் என்பதற்காக நம்மை மற்ற இலக்கியக் கூட்டங்களில் எப்படிப் பார்த்தார்கள் என்று உங்களுக்கு மறந்திருக்காது. "ராக்கெட், ரோபோ கதையெல்லாம் பொழுதுபோக்கு, அதில் வாழ்க்கை எங்கே?" என்று, ஒரு கதையையும் படிக்காத ஒருவர் மைக்கில் பேசினார். நாம் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டோம். வெளியே வந்து டீக்கடையில் அண்ணன்தான் ஸ்டர்ஜன் விதியைச் சொன்னார்: எந்த வகையை எடுத்தாலும் தொண்ணூறு சதவீதம் குப்பைதான், அதை வைத்து ஒரு வகையையே எடைபோடாதே. அறிவியல் புனைகதை எழுத்தாளரான தியடோர் ஸ்டர்ஜன் இதைச் சொன்னதே அறிவியல் புனைகதையை அதன் மோசமான கதைகளை வைத்துத் திட்டியவர்களுக்குப் பதிலாகத்தான். அதே ஸ்டர்ஜன் 1961-ல் ஒரு கடலடிப் படத்தை நாவலாக எழுதிக் கொடுத்திருக்கிறார். ஸ்டார் ட்ரெக்கின் இரண்டு கதைகளும் அவர் எழுதியவை. நம் புதுத் தீர்மானப்படி, நாம் எல்லா வாதத்திலும் துணைக்குக் கூப்பிடுகிற ஸ்டர்ஜனின் ஒரு புத்தகமும், அசிமோவின் ஒரு புத்தகமும் வாசலில் நிற்க வேண்டும். அன்று டீக்கடையில் நமக்கு எரிந்த வயிறு, இன்று நாமே கை தூக்கும்போது ஏன் எரியவில்லை?

எழுதினவர்களை நினைத்தாலும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. முதல் ஸ்டார் வார்ஸ் படத்தின் நாவல் படத்துக்கு ஆறு மாதம் முன்பு, 1976 நவம்பரில் வெளிவந்தது. அட்டையில் படத்தின் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் பெயர். உட்கார்ந்து எழுதியவர் ஆலன் டீன் ஃபாஸ்டர். அப்போது அந்தப் படம் ஓடுமா ஓடாதா என்றே யாருக்கும் தெரியாது. இந்தத் தொழிலில் எழுதுகிறவருக்கு உலகம் சொந்தமில்லை, பாத்திரம் சொந்தமில்லை, சில நேரம் அட்டையில் பெயரும் இல்லை. வாசகன் திறந்து படிப்பது ஒன்றுதான் அவருக்கு மிச்சம். அதையும் நாம் தரமாட்டோம் என்று தீர்மானம் போட்டிருக்கிறோம்.

நான் கேட்பது இதுதான். அந்தத் தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் திரும்பப் பெறுங்கள். டை-இன் நாவல்களுக்கு என்று தனி இடம் ஒதுக்கச் சொல்லவில்லை. என் புத்தகம் பட்டியலில் வந்தே தீரவேண்டும் என்றும் சொல்லவில்லை. மற்ற புத்தகங்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறோமோ அப்படியே இவற்றையும் தேர்ந்தெடுங்கள், இல்லை தள்ளுங்கள். நம்மில் யாராவது இரண்டு பேர் படித்திருக்க வேண்டும், அவர்கள் பேசிய பிறகு கை தூக்க வேண்டும். படித்துவிட்டு "இது தேறாது" என்று பதினோரு பேரும் சொன்னால் நான் பன்னிரண்டாவது கையாகச் சேர்ந்துகொள்ளத் தயார். ஏன் தேறாது என்று நாம் பேசுகிற பேச்சே ஒரு நல்ல ஞாயிற்றுக்கிழமையாக இருக்கும்.

என்னிடம் 'தி ஃபைனல் ரிஃப்ளெக்ஷன்' ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது. பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் போடுகிற மாதிரி காக்கி அட்டை போட்டு வைத்திருக்கிறேன். முதலில் அண்ணனிடம்தான் கொடுக்கப் போகிறேன். செவ்வாய்க்கிழமை எனக்கு நாகர்கோவிலில் ஒரு வேலை இருக்கிறது. வடசேரியில் இறங்கி உங்கள் வீட்டுக்கு நடந்தே வந்துவிடுவேன், அண்ணே. ஐம்பது பக்கம் படியுங்கள். அதற்குமேல் ஓடவில்லை என்றால் வற்புறுத்த மாட்டேன். ஆனால் நிறுத்திய பக்கத்தில் ஒரு துண்டுத் தாள் வைத்துத் திருப்பிக் கொடுங்கள். எந்த இடத்தில் நின்றீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
குலசேகரத்திலிருந்து உங்கள் வட்டத்து நண்பன்